வீடு சோறு போட வந்த கதை

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், குரோம்பேட்டை என்று தாம்பரத்தைச் சுற்றி நடந்தால் ஒரே சாயலில் பல வீடுகள் கண்ணில் படும். ஒரு கிரவுண்டு மனை, முன்னால் மாமரமோ தென்னையோ, பக்கத்தில் கிணறு, பின்னால் துவைக்கிற கல். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ரயில்வேயிலும் விமானப்படையிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள் பி.எஃப். லோன் போட்டும், நகையை அடகு வைத்தும் கட்டியவை. அன்று ஊருக்கு வெளியே கிடந்த மனை இன்று கோடி பெறும். கட்டியவர்களுக்கு இப்போது எண்பது வயது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டால், பகலுக்கு ஓர் ஆள், ராத்திரிக்கு ஓர் ஆள் போட வேண்டும். ஏஜென்சிக்குச் சம்பளம், டயப்பர், பிசியோதெரபி, மருந்து என்று மாதம் முழுக்கச் செலவு. பென்ஷன் உள்ளவர்களே திணறுகிறார்கள். கம்பெனியில் வேலை பார்த்து பி.எஃப். பணத்தை எடுத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிட்டவர்கள் என்ன செய்வார்கள்? கோடி ரூபாய் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கவனித்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்துக்குப் பிள்ளையிடம் கை நீட்டுகிறார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பிறந்ததுதான் ரிவர்ஸ் மார்ட்கேஜ். வீட்டுக் கடனில் நாம் வங்கிக்கு மாதாமாதம் கட்டுவோம். இதில் வங்கி நமக்கு மாதாமாதம் தரும். வீடு நம் பெயரிலேயே இருக்கும், நாம் அதிலேயே இருப்போம். கடைசியில் வீட்டை விற்றுக் கடனைக் கழித்துக்கொள்வார்கள். நம் பக்கத்து முதியவர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற ஏற்பாடு இது. ஆனால் எடுத்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

இதன் முதல் கடன் 1961-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரில் கொடுக்கப்பட்டது என்று சொல்வார்கள். டீரிங் சேவிங்ஸ் அண்ட் லோன் என்ற சிறிய நிறுவனத்தில் இருந்த நெல்சன் ஹெய்ன்ஸ், தான் படித்த பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் இறந்தபின் அவர் மனைவி நெல்லி யங் வீட்டை விட்டுப் போக வேண்டியிராதபடி இந்தக் கடனை அமைத்துக் கொடுத்தார். கைம்பெண் ஒருவர் தன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற அக்கறைதான் இதன் தொடக்கம். லாபக் கணக்கெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

பின்னால் வந்த அந்தக் கணக்கில் ஒரு பெரிய பயம் உண்டு: பணம் வாங்குபவர் எத்தனை காலம் இருப்பார்? பிரான்சில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே முதியவரின் வீட்டை வாங்குபவர், அவர் உயிரோடிருக்கும்வரை மாதப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டை எடுத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆர்ல் நகரில் 1965-ல், தொண்ணூறு வயதான ஜான் கால்மான் என்ற அம்மாளிடம் ஆந்த்ரே பிரான்சுவா ராஃப்ரே இப்படி ஒப்பந்தம் போட்டார். மாதம் 2,500 பிராங்க். முப்பது ஆண்டு கொடுத்துவிட்டு ராஃப்ரே 1995-ல் இறந்துபோனார். அந்த அம்மாள் 1997 வரை, 122 வயது வரை வாழ்ந்தார். மிச்சப் பணத்தை ராஃப்ரேயின் மனைவி கட்டினார். இந்தச் சுமையைத் தனி ஆளோ ஒற்றை வங்கியோ தாங்க முடியாது. அதனால்தான் அமெரிக்கா 1988-ல் சட்டம் போட்டு, அரசுக் காப்பீட்டை இந்தக் கடனுக்குப் பின்னால் நிறுத்தியது.

அதே அமெரிக்காவில் வேறொரு வழியும் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை அனுப்பிய தாம்பரத்துக் குடும்பங்கள் கேள்விப்பட்டிருக்கும். முதியவர்களைப் பராமரிக்கும் நர்சிங் ஹோம் செலவை மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டம் ஏற்கும். ஆனால் கையில் இருப்பதெல்லாம் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். பல மாநிலங்களில் தனி ஆளுக்கு 2,000 டாலர்தான் வரம்பு. தகுதி பெறுவதற்காக வீட்டையோ பணத்தையோ பிள்ளைக்கு மாற்றினால், விண்ணப்பித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பின்னோக்கிப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். ஆகவே அங்கே பெற்றோரின் சொத்தைக் கணக்குப் போட்டுச் செலவழித்துத் தீர்ப்பதே ஒரு தனி வக்கீல் தொழில். நம் ஊரில் அப்படித் தீர்த்துவிட்டு வந்தாலும் காத்திருப்பது முதியோர் உதவித்தொகைதான். 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கி, 2023-ல் 1,200 ரூபாய்க்கு வந்திருக்கிறது. அது ஆதரவற்றோருக்கான தொகை. சொந்த வீட்டுக்காரர் அந்த வரிசையில் நிற்க முடியாது. நின்றாலும் அந்தப் பணம் இரண்டு நாள் ஆள் கூலிக்குக் காணுமா? நம்மவர்களுக்குக் கடைசிக் கைமுதல் வீடு ஒன்றுதான்.

இந்தியாவில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் பிறந்த நாள் 2007 பிப்ரவரி 28. அன்றைய பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் இதை அறிவித்தார். மே மாத இறுதியில் தேசிய வீட்டுவசதி வங்கி வழிமுறைகளை வெளியிட்டது. பஞ்சாப் நேஷனல் பேங்க் தன் திட்டத்துக்கு ‘பாக்பான்’ என்று பெயர் வைத்தது. ஓய்வுபெற்ற தாய் தந்தையைப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்து வைத்துக்கொள்ளும் கதையோடு 2003-ல் வந்த இந்திப் படத்தின் பெயர் அது. இந்தத் திட்டம் யாருக்கு என்று அந்தப் பெயரே சொல்லிவிடும். 2008-ல் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி, இப்படி வாங்கும் பணம் வருமானம் ஆகாது, வரி கிடையாது என்றும் தெளிவாக்கினார்கள்.

நல்ல அம்சங்கள் பல உண்டு. அறுபது வயது ஆனால் போதும். சம்பளச் சான்றிதழ் தேவையில்லை. கடனும் வட்டியும் எவ்வளவு ஏறினாலும் வீடு விற்ற பணத்துக்கு மேல் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. மிச்சம் இருந்தால் வாரிசுகளுக்குத்தான். கணவன் போனபின் மனைவி, மனைவி போனபின் கணவன், கடைசி ஆள் அங்கே குடியிருக்கும்வரை யாரும் வெளியேற்ற முடியாது. கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளும் முதல் உரிமையும் பிள்ளைகளுக்கே.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கோடி மதிப்புள்ள வீடு, வட்டி 10 சதவீதம், 15 ஆண்டு முடிவில் கடன் 60 லட்சம் ஆகலாம் என்று வங்கி வைத்துக்கொள்கிறது என்போம். மாதம் கிடைப்பது சுமார் 14,500 ரூபாய். பதினைந்து ஆண்டில் கையில் வந்தது ஏறத்தாழ 26 லட்சம். மீதி 34 லட்சம் வட்டி. கோடி ரூபாய் வீட்டுக்கு இவ்வளவுதானா என்று முகம் சுருங்குவது நியாயம்தான். முழுநேர ஆளுக்கு இது பற்றாது. இருந்தாலும் பென்ஷனோடு இது சேர்ந்தால் அப்பா யாரையும் கேட்காமல் ஆள் வைத்துக்கொள்வார். அந்த மரியாதையை நான் சிறியதாக நினைக்கவில்லை.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. முதல் வழிமுறைகளில் கடன் காலம் அதிகபட்சம் 15 ஆண்டு. பிறகு 20 ஆனது. காலம் முடிந்தால் மாதப் பணம் நின்றுவிடும். வீட்டில் இருக்கலாம், பணம் வராது. அறுபத்திரண்டு வயதில் 15 ஆண்டுக்கு எடுத்தவருக்கு எழுபத்தேழில் நிற்கிறது. படுக்கையில் விழும் வயதே அப்போதுதான் தொடங்கும். பின்னர் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவும் ஸ்டார் யூனியன் டாய்-இச்சி ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் தேசிய வீட்டுவசதி வங்கியோடு சேர்ந்து, ஆயுள் முழுக்கப் பணம் வரும் வகையைக் கொண்டுவந்தன. ராஃப்ரே தனியாகச் சுமந்ததைக் காப்பீட்டு நிறுவனத்தின் தோளுக்கு மாற்றும் சரியான யோசனை அது. பரவலாகப் போய்ச் சேரவில்லை.

அடுத்தது பேப்பர். தாம்பரம் பக்கத்து வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் தாய்ப்பத்திரம் ஜெராக்ஸாக இருக்கும். பட்டா பழைய சொந்தக்காரர் பெயரிலேயே நிற்கும். பஞ்சாயத்து அப்ரூவல் என்று ஒரு தாள் இருக்கும், லேஅவுட்டுக்கு முறையான அனுமதி இருக்காது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான், 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் பணம் கட்டாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டால் இன்னும் சிக்கல். வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தால், இந்துக் குடும்பங்களில் அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோரும் சம பங்கு வாரிசுகள். அம்மா தனியாகக் கையெழுத்துப் போட்டு அடமானம் வைக்க முடியாது. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பிள்ளைகள் எல்லோரும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் பவர் அனுப்ப வேண்டும். பணம் அவசரமாகத் தேவைப்படும் அம்மாவால் இத்தனைக்கும் அலைய முடியுமா?

அதனால் நம் வீடுகளில் பழைய வழியே ஓடுகிறது. “எழுதிக் கொடுத்துட்டா பார்த்துப்பான்” என்று செட்டில்மென்ட் பத்திரம் போட்டுவிடுகிறார்கள். ரிவர்ஸ் மார்ட்கேஜ் பிறந்த அதே 2007-ன் டிசம்பரில்தான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் வந்தது. அதன் 23-ம் பிரிவு, கவனித்துக்கொள்ளாத பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய வழி தருகிறது. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் ரத்து செய்யலாம் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெரிய ஆறுதல்தான். ஆனாலும் வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பெற்ற பிள்ளை மேல் மனு கொடுப்பது எந்த அம்மாவுக்கும் வரக்கூடாத நிலை. வீட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு தன் செலவுக்குத் தானே உருவிக்கொள்பவருக்கு அந்தப் பெஞ்ச் தேவைப்படாது. பிள்ளைகளுக்கு வீடு போகாதே என்று கலங்குபவர்கள் உண்டு. படிக்க வைத்தாயிற்று, கல்யாணம் செய்தாயிற்று. கட்டிய வீட்டை, கட்டியவர்கள் தங்கள் கடைசிக் காலத்துக்குச் செலவழித்தால் அதில் என்ன குற்றம்?

கணவனும் மனைவியும் இருவருமாக இருக்கும்போதே பட்டாவை மாற்றி, இருவர் பெயரையும் பத்திரத்தில் சேர்த்து, உயில் எழுதி வைத்தால் பாதித் தடை விலகிவிடும். மீதி அரசின் கையில். ரிவர்ஸ் மார்ட்கேஜ் வழிமுறைகளில் ஒரு வரி இருக்கிறது: தொடர்ந்து ஓராண்டு அந்த வீட்டில் குடியிருக்காவிட்டால் கடனை முடித்து வீட்டை விற்கலாம். மறதி முற்றிய அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தால் பன்னிரண்டே மாதத்தில் இந்த வரி பாயும், கவனிப்புச் செலவு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து. இல்லத்துக்குப் போனவர்களுக்கு இதிலிருந்து விலக்கு வேண்டும். வீட்டை வாடகைக்கு விட அனுமதித்து, வாடகையும் மாதப் பணமும் நேராக அந்த இல்லத்தின் கணக்குக்குப் போகும்படி தேசிய வீட்டுவசதி வங்கி அந்த வரியைத் திருத்த வேண்டும்.