இயற்கை ஏரி என்றொரு சொல்

வடுவூர் ஏரிக்கரையில் நின்று நாரை பார்க்கிறவர்கள் 'இது இயற்கையா அமைஞ்ச ஏரி' என்று பேசிக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரத்தநாட்டுக்கு வடகிழக்கே கொஞ்ச தூரத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்துக்குள் இருக்கிறது அந்த ஏரி. பரப்பு சுமார் 128 ஹெக்டேர். தண்ணீரையும் மரத்தையும் பறவையையும் பார்த்துச் சொல்லப்படும் பேச்சு அது. நின்று பேசுகிற கரையே மனிதக் கை சுமந்து போட்ட மண் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. இந்த மறதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெயர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நிலத்திலிருந்து தொடங்கலாம். தஞ்சாவூர்னாலே வண்டல், வாய்க்கால், முப்போகம் என்றொரு சித்திரம் நமக்குள் படிந்துபோயிருக்கிறது. ஒரத்தநாட்டுப் பக்கத்து மேட்டு நிலம் அந்தச் சித்திரத்துக்குள் அடங்காது. வல்லம் மேட்டிலிருந்து தென்கிழக்கே கடலை நோக்கிச் சரிகிற நிலம் இது. காவிரி தானாக ஏறி வராத இடங்களில், ஓடிப்போகிற மழைத் தண்ணீரைச் சரிவின் குறுக்கே கரை போட்டு மடக்கினால்தான் பயிர். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கில் வழிவது கீழ் ஏரிக்கு வரத்து. பள்ளம் இயற்கை கொடுத்தது, சரி. பள்ளம் மட்டுமே ஏரி ஆகிவிடாது. புறநானூற்றில் கபிலர் பாரியின் நாட்டுச் சிறுகுளம் ஒன்றைச் சொல்கிறபோது பாறையையும் குன்றையும் சொல்கிறார். வளைந்த கரையை எட்டாம் நாள் பிறைக்கும் ஒப்பிடுகிறார். அவருக்கு இரண்டும் தெரிந்திருக்கிறது.

காளையின் திமிலுக்கும் 'ஏரி' என்று பழைய அகராதிகளில் பொருள் உண்டு. பள்ளத்தை வைத்தல்ல, புடைத்து நிற்கிற கரையை வைத்துத்தான் பெயர் வந்ததோ என்று எனக்கொரு சந்தேகம். சொல்லாய்வாளர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

பெயர் வைப்பது அதிகாரத்தின் வேலை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரில் ஒரத்தநாட்டில் சத்திரம் கட்டினார். ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்ற பெயரும் சேர்ந்தது. ஜனங்கள் ஒரத்தநாடு என்றே சொல்லிக்கொண்டிருந்துவிட்டார்கள். 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்குச் சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயர். அதைக் கட்டிய கூலிகளின் பெயர் எந்த மதகிலும் இல்லை. அதே திட்டத்தில் இந்த மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய், அரசாங்கத் தாளில் 'கல்லணைக் கால்வாய்'. ஊர்ல அது 'புது ஆறு'. மழையை மட்டும் நம்பியிருந்த ஏரிகள் பலவற்றுக்கு அது ஆற்றுத் தண்ணீர் கொடுத்தது. தொண்ணூறு வருஷம் கழிந்தும் 'புது' என்கிற ஒட்டு உதிரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு என்று அழைத்துக்கொண்டே, அது வெட்டப்பட்டது என்பதையும் அந்தப் பெயர் மறக்காமல் வைத்திருக்கிறது. ஏரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. (வடுவூர் என்றதும் பலருக்குத் துப்பறியும் நாவல் எழுதிய துரைசாமி ஐயங்கார்தான் நினைவுக்கு வருவார். பெயர் எப்படியெல்லாம் பயணம் போகிறது பாருங்கள்.)

மண் சுமந்தவர்களைத் தேடினால் எங்கே கிடைப்பார்கள்? தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டுகள் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியல் போடுகின்றன: ஊர் இருக்கை, கோயில், குளம், ஊரை ஊடறுக்கிற வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. குளமும் சேரியும் ஒரே மூச்சில் வருகின்றன. குளத்தை வெட்டியவன் சேரியில் இருந்தானா என்பதைக் கல் சொல்லாது. அது வரிக் கணக்கு. பிற்காலத்தில் ஒட்டர்கள் மண்வேலைக்காரர்களாகவே பதிவாகிறார்கள். குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் 'குடி' எப்போதும் தானாகத் திரண்டு வந்துவிடவில்லை. 1858இல் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. ஏரிக்கரை, ஆற்றங்கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் சாதிகளைச் சேர்ந்தவர்களை அழைத்து வேலை வாங்கலாம், மறுத்தால் தண்டனை. கிராம சமுதாயத்தின் பொற்காலம் பற்றி எழுதுகிற நம் நண்பர்கள் இந்தச் சட்டத்தை ஏன் சாவகாசமாகத் தாண்டிப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

வடுவூருக்கு வருவோம். 1999இல் அந்த ஏரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அறிவிப்பு நல்லதுதான், எனக்கு அதில் தகராறில்லை. ஆனால் பாசனத்தின் பெயரால் அறியப்பட்ட நீர் பறவையின் பெயரால் அறியப்படும்போது அதைப் பற்றிய சொல்லாடல் முழுவதும் மாறிவிடுகிறது. மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நிரப்பி, கோடையில் காய்கிற பாசன ஏரி, 'இயற்கை' ஆகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான அந்த உடன்படிக்கை, ஈரநிலம் இயற்கையானதாகவும் இருக்கலாம், செயற்கையானதாகவும் இருக்கலாம் என்று வரையறையிலேயே சொல்கிறது. அவர்களுக்கே இல்லாத கூச்சம் நமக்கு.

இயற்கை என்றால் உரிமை கேட்க ஆளில்லை. யாரோ கட்டியது என்றால் 'யார்' என்ற கேள்வி வரும். கேள்வி வந்தாலும் பதில் யார் பக்கம் சாய்கிறது என்பதை 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தில் பார்க்கலாம். பாசன சபைகளின் உறுப்பினர் யார் என்பதை ஆயக்கட்டு நிலத்தை வைத்தே அது தீர்மானிக்கிறது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரை அரசு தூசி தட்டி எடுத்துத் திட்டம் கொண்டுவந்தபோது, வேலை ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் வழியாகப் போனது. நிலமில்லாமல் கரைக்கு மண் போடுகிறவருக்கு அங்கே கூலி உண்டு, ஓட்டு கிடையாது.