பூர்வ வியாதியுள்ளோருக்கான வெளிநாட்டுப் பிரயாண இன்ஷூரன்ஸ்

நீரிழிவு, ரத்த அழுத்தம், இருதய நோய், ஆஸ்துமா போன்ற ஒன்றுக்கு ஏற்கெனவே சிகிச்சை பெற்று வருகிறவர், பிறநாட்டில் தங்கும் காலத்தில் நேரிடக்கூடிய மருத்துவச் செலவுக்கு ஈடு தேடி, புறப்படுவதற்கு முன்னரே ஒரு கம்பெனியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் இது. திரிசூலம் விமான நிலையத்திற்குத் தெற்கே குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் முதலிய இடங்களில் வாழும் ஓய்வுபெற்ற தம்பதிகள், மகளின் பிரசவத்திற்கோ மகனின் கிரகப்பிரவேசத்திற்கோ கடல்கடந்து சென்று சில மாதங்கள் தங்கிவருவது இன்று சாதாரணமான குடும்ப காரியமாகிவிட்டபடியால், இவ்வொப்பந்தத்தின் நிபந்தனைகள் அப்பகுதியில் அநேக இல்லங்களின் நேரடிக் கவலையாக உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும் 35.5 சதவீதத்தினருக்கு மிகை ரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணித்தது. முதிய பிரயாணிகளுள் மாத்திரை எதுவும் உண்ணாதவரைக் காண்பதே அரிது.

பொது இன்ஷூரன்ஸ் தொழில் 1973 ஜனவரியில் தேசியமயமானபின், 1984இல் ‘ஓவர்சீஸ் மெடிகிளெய்ம்’ என்னும் திட்டம் ஏற்பட்டது. பிரீமியத்தை ரூபாயில் செலுத்திவிட்டுச் செலவை அந்நிய நாணயத்தில் ஈடுசெய்துகொள்ளும் அவ்வசதி, அந்நியச் செலாவணி அருமையாக இருந்த அந்நாளில் பெரிய உபகாரம். பிற்பாடு தனியார் கம்பெனிகளும் இத்துறையில் பிரவேசித்தன. ராயல் சுந்தரம், சோழமண்டலம், ஸ்டார் ஹெல்த் ஆகியவை சென்னையையே தலைமையிடமாகக் கொண்டவை.

உள்நாட்டு மருத்துவ பாலிசிக்கும் இதற்கும் உள்ள முக்கிய பேதத்தைக் குடும்பத்தார் பலர் உணர்வதில்லை. உள்நாட்டில், பாலிசி தொடங்குவதற்கு முந்திய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை அளிக்கப்பட்ட நோயே பூர்வ வியாதி என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. அந்நோய்க்கான காத்திருப்புக் காலமும் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. பொறுமையோடு புதுப்பித்து வருகிறவருக்கு ஒருநாள் முழு உரிமை வந்து சேர்கிறது. வெளிநாட்டுப் பிரயாண பாலிசிக்கு அவ்வரையறை பொருந்தாதென்று அவ்விதிகளே விலக்கிவைத்திருப்பதாலும், ஆறு மாதப் பயணத்தில் காத்திருப்பதற்கே இடமில்லாமையாலும், பத்தாண்டுகளுக்கு முன் இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர் தம் நிலை என்னவென்பதைத் தம் பாலிசியின் வாசகத்திலேயே தேடிக்கொள்ள வேண்டியவராகிறார். சில பாலிசிகள் பூர்வ வியாதியை அறவே நீக்கிவிடுகின்றன. வேறு சில, உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டும், மொத்தத் தொகையைவிட மிகக் குறைந்த ஒரு வரம்புக்குள், நோயாளி அபாயம் நீங்கி நிதானப்படும்வரை ஆகும் செலவைத் தருகின்றன. வழக்கமான பரிசோதனையும் மாத்திரைச் செலவும் அதில் சேரா. முகப்பில் பெரிதாக அச்சிட்ட டாலர் தொகையை நம்பிப் புறப்படுவது அபாயகரமானது என்பதே இக்கட்டுரையாசிரியரின் துணிபு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவும், பெற்றோருக்கான கனடாவின் சூப்பர் விசாவுக்கு 1,00,000 கனடிய டாலரும் குறைந்தபட்ச ஈடாக வேண்டப்படுகின்றன. அத்தொகை முழுவதும் பூர்வ வியாதிக்கும் கிடைக்குமென்று அதனாலேயே கொள்ளலாகாது.

விண்ணப்பப் படிவத்தில் உண்மையை முற்றும் தெரிவிப்பதில்தான் இவ்விஷயத்தின் ஜீவன் இருக்கிறது. ஏஜெண்டோ, இணையவழியில் மகனோ அவசரத்தில் படிவத்தை நிரப்பி, ‘நோய் எதுவும் இல்லை’ என்று குறித்துவிடுவதுண்டு; பிரீமியம் குறையுமென்று செய்யும் இக்காரியம், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெற்றோரை நிராதரவாக்கிவிடக்கூடியது. நோயைத் தெரிவிப்பது பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 6ஆம் தேதி அளித்த தீர்ப்பு கவனிக்கத்தக்கது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா கம்பெனியிடம் பாலிசி பெற்று, உறவினர் திருமணத்திற்காக அமெரிக்கா சென்ற ஒருவர், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே உடல்நலங்குன்றி, இருதய ரத்தக் குழாய்களில் மூன்று ஸ்டென்ட் வைத்துக்கொள்ள நேர்ந்தது. நீரிழிவை அவர் தெரிவித்திருந்தார். ஆயினும் அது பூர்வ வியாதி என்றும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை உண்டதைச் சொல்லவில்லை என்றும் காரணங்காட்டிக் கம்பெனி பணம் தர மறுத்தது. விண்ணப்பதாரர் வெளியிட்ட நோயை அறிந்து, அவர் உடல்நிலையை மதிப்பிட்டு பாலிசி வழங்கியபின், அந்நோயையே காட்டிக் கோரிக்கையை நிராகரிக்கலாகாதென்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீரிழிவு படிவத்திலேயே எழுதப்பட்டிருந்தது அவருக்குப் பெருந்துணையாயிற்று.

எனவே நோயின் பெயர், கண்டறிந்த ஆண்டு, அறுவை சிகிச்சை, தினமும் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எழுதி, நிரப்பிய படிவத்தின் பிரதியொன்றைப் பாலிசியோடு வைத்துக்கொள்வது அவசியம். அங்கே உடல்நலம் கெட்டால், பாலிசியில் குறித்துள்ள உதவி எண்ணுக்கு உடனே தகவல் தரவேண்டும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிட்டு, பதில் திருப்தியளிக்காவிடினும், ஒரு மாதத்திற்குள் பதிலே வராவிடினும், ஓராண்டுக்குள் புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தை நாடலாம். தமிழ்நாடு முழுவதும் அதன் அதிகார எல்லைக்குட்பட்டது. கட்டணமும் வக்கீலும் அங்கே வேண்டியதில்லை.