மேட்டில் திணறிய லாரி

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரள மாநிலத்தின் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்ததாயினும், அதன் கடைத்தெருவில் தமிழே மிகுதியாகக் காதில் விழும். பிழைப்பை நாடி டெல்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தவர்கள் நாம். அவர்களோ தலைமுறை தலைமுறையாகத் தம் சொந்த மண்ணில் இருந்துகொண்டே பிற மாநிலத் தமிழராக வாழ்ந்து வருகின்றனர். அவ்வூர்ச் சாலையை முன்வைத்து ஒரு சிறு சரித்திரத்தை இன்று காண்போம். இது அரசர்களின் சரித்திரம் அன்று. பாரம் ஏற்றிய பெட்ரோல் லாரி மேட்டில் திணறியது ஏன், அதன் காரணத்தை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதே நமது பொருள்.

மோட்டார் எஞ்சின் பற்றிய ஆங்கிலக் கைநூல்களைத் தமிழாக்க முற்பட்டால், இக்குறைக்கு அகராதி தரும் சொல் ‘தயக்கம்’ என்பதாகும். பட்டறையில் அச்சொல்லை யாரும் வழங்குவதில்லை. ‘வண்டி இழுக்கவில்லை’ என்பார் ஒருவர். ‘மிதித்தால் திணறுகிறது’ என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் ஒரே குறை அல்ல என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் சாலையைக் கவனிப்போம். சித்தூர்ப் பகுதி 1949ஆம் ஆண்டு வரை கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. பொள்ளாச்சியோ சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் ரயில் பாதை கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் வழியாகத் தெற்கே சென்றுவிடுகிறது. ஆகவே கொழிஞ்சாம்பாறையின் நெல்லும் தேங்காயும் நிலக்கடலையும் முதலில் மாட்டு வண்டியையும் பின்னர் லாரியையுமே நம்பியிருந்தன. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அத்தூரத்தில் நிலம் சுமார் 200 மீட்டர் உயர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஏற்றம்தான். ஆயினும் எஞ்சின் அதனை அறியும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையிலோ 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நீண்ட இலேசான ஏற்றம், குறுகிய கடுமையான ஏற்றம் என இருவகைச் சோதனையும் இவ்வட்டாரத்தில் ஒருங்கே அமைந்திருந்தன.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவி கார்பரேட்டர். ஜெர்மனியில் மேபாக் என்பாரும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் 1893ஆம் ஆண்டையொட்டி, பெட்ரோலைத் துளித்துளியாகத் தெளிக்கும் முறையைக் கண்டனர். குறுகிய கழுத்தின் வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறையும். அருகிலுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் சிறு துளையின் வழியே உறிஞ்சப்பட்டு வந்து கலக்கும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பாரம் மிகும்போது கலவை கெட்டியாதல் வேண்டும்; அப்போது காற்று 12 அல்லது 13 பங்கே போதும். மேட்டில் எஞ்சின் சற்று அதிகமாக உண்ணக் கேட்கிறது. அவ்வேளையில் உணவு வந்து சேராவிட்டால் அது திணறுகிறது.

உணவை அனுப்பும் முறையிலேயே ஆரம்ப நாட்களின் தொல்லை இருந்தது. 1908ஆம் ஆண்டு வெளிவந்த போர்டு கம்பெனியின் ‘டி’ மாடல் வண்டியில், இருக்கைக்குக் கீழே இருந்த டாங்கியிலிருந்து பெட்ரோல் தானாகவே வழிந்து முன்னே எஞ்சினுக்குச் சென்றது. டாங்கியில் பெட்ரோல் குறைந்த வேளையில் செங்குத்தான மேட்டில் ஏறினால், முன்புறம் உயர்ந்துவிடுவதால் பெட்ரோல் எட்டாது போகும். அக்காலத்து ஓட்டுநர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேற்றினர்! அடுத்து வந்தது, எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டு பெட்ரோலை இழுத்துச் சேர்க்கும் சிறு தொட்டி. அதற்கும் ஒரு குறை உண்டு. மேட்டில் மிதியை முழுதும் அழுத்தியதும் உறிஞ்சு விசை குன்றும்; தொட்டி நிரம்பாது; நெடுநேரம் ஏறினால் வண்டி நின்றுவிடும். மிதியைச் சில விநாடி தளர்த்தினால் மீண்டும் ஓடும். ஸ்ரீ ஜி. டி. நாயுடு 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய காலம் இத்தகைய வண்டிகளின் காலமே. எஞ்சினே இயக்கும் பெட்ரோல் பம்பு வந்த பின்னரே இத்தொல்லை ஓய்ந்தது.

பின்னர் உலகப் போர் மூண்டது. 1941ஆம் ஆண்டு இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அந்நாட்டு எண்ணெயும் நின்றது. பஸ்களும் லாரிகளும் கரிவாயுவுக்கு மாறின. வண்டியின் ஓரத்தில் உயர்ந்த கொதிகலம் போன்ற அடுப்பைப் பொருத்தி, அடுப்புக்கரியைப் புகையவிட்டு, அதிலெழும் வாயுவைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்தினர். மதுரையில் ஸ்ரீ டி. வி. சுந்தரம் அய்யங்கார் இத்தகைய கரிவாயுக் கலத்தைத் தயாரித்து அளித்தது குறிப்பிடத்தக்கது. ஆயினும் இவ்வாயுவில் சரிபாதி எரியாத நைட்ரஜனே. பெட்ரோலில் ஓடிய அதே எஞ்சின், கரிவாயுவில் தன் வலிமையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இழந்தது. எரியும் பகுதியோ பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு. மூடிய கொட்டகையில் கசிந்தால் அது உயிரையே கொள்ளும்.

அவ்வாண்டுகள் பட்டறைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமாயின. வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் சமநிலத்தில் வண்டி நன்றாகவே ஓடும். மேட்டில் மட்டும் நின்றுவிடும். எஞ்சினைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை. குறை எஞ்சினில் இல்லை, அதற்கு வந்து சேரும் உணவில் உள்ளது. இப்பாடத்தைக் கைகண்டவர்கள், போருக்குப் பின் பெட்போர்டு, டாட்ஜ், பார்கோ முதலிய பெட்ரோல் லாரிகள் பெருகியபோது அதனை நன்கு பயன்படுத்தினர்.

அவர்களுடைய முறை எளியது. எப்போது திணறுகிறது என்பதே முதற் கேள்வி. எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கார்பரேட்டரைத் தொட வேண்டியதில்லை. மிதியை அழுத்திய அந்த நொடியில் மட்டும் திணறி, பிறகு சரியாக ஓடினால், குறை கார்பரேட்டருக்குள் இருக்கும் சிறு பம்பில். மிதித்தவுடன் காற்று பாய்ந்து வரும். கனமான பெட்ரோல் பின்தங்கும். அவ்விடைவெளியை நிரப்ப ஒரு பீச்சு பெட்ரோல் அனுப்புவதே அப்பம்பின் பணி. அதன் தோல் வாஷர் காய்ந்துபோனால் பீச்சு வராது. எஞ்சினை நிறுத்தி, மேலிருந்து பார்த்துக்கொண்டே நெம்பை அசைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் நன்றாக இழுத்து, ஒரு மைல் ஏறிய பின் சோர்ந்தால் கதை வேறு. கிண்ணத்திலிருந்த பெட்ரோல் தீர்ந்துவிட்டது. புதிது வந்து சேரவில்லை. வடிகட்டியில் அழுக்கு, பம்பின் சவ்வில் கிழிசல், வெப்பத்தால் குழாயில் பெட்ரோல் ஆவியாதல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அனைத்திற்கும் முன்னர் டாங்கி மூடியைத் திறந்து பார்ப்பது நலம். அதிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தால், மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாயும். குறை அதுவேயாயின் ஓர் ஊசியால் தீரும்!

சோக்கைச் சிறிது இழுத்துப் பார்ப்பது மற்றொரு சோதனை. அதனால் வண்டி தெளிந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. மேலும் மோசமானால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டியில் அடைப்பு. பிளக்கின் நிறமும் சாட்சி கூறும்: வெளுத்திருந்தால் பற்றாக்குறை, கரி படிந்திருந்தால் மிகுதி, பழுப்பு நிறமாயின் சரியான கலவை. இவையெல்லாம் செம்மையாக இருந்தும் எஞ்சின் விட்டுவிட்டு வெடித்தால் தீப்பொறியைத் தேட வேண்டும். பாரம் மிகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படும். நின்றபடி ஓடும்போது சமாளித்த பழைய காயில், மேட்டில் தோற்றுவிடும்.

இம்முறை அறியாத இடத்தில் நேர்ந்த நஷ்டம் சிறிதன்று. அடைபட்ட ஒரு துளைக்காக நல்ல எஞ்சின்கள் பிரிக்கப்பட்டன. கடன் வாங்கி லாரி ஓட்டியவர் பல நாள் வருமானத்தை இழந்தார். மலைவளைவில் பாரத்துடன் எஞ்சின் நின்றுபோனால், பிரேக்கையும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கிளீனரின் கையையும் நம்பியே உயிர் இருந்தது.

காலம் மாறியது. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி 1950களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பெட்ரோல் லாரிகள் பலவற்றில் அவை பொருத்தப்பட்டன. 1954இல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வந்தது. 1955இல் அசோக் லேலண்ட் என்னும் பெயர் பிறந்தது. டீசலுக்குக் கார்பரேட்டரும் இல்லை, பிளக்கும் இல்லை. 2020ஆம் ஆண்டுப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் கார்பரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது.

எனினும் பழைய வண்டிகளைப் பேணுவோர் இன்றும் உள்ளனர். நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்து நாடெங்கும் பரவியபின், அவர்கள் பழைய கேள்வியை மீண்டும் எதிர்கொள்கின்றனர். எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும். ஆகவே பழைய அளவுத் துளைகளில் கலவை மெலிகிறது. பழைய ரப்பர்ச் சவ்வுகளையும் அது கெடுக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். விளைவு யாதெனில், மேட்டில் அதே திணறல்.

கொழிஞ்சாம்பாறை வழியே பொள்ளாச்சி ஏறிய லாரிகள் உணர்த்திய பாடம் அதனால் பழமையாகிவிடவில்லை. நின்ற இடத்தில் நன்றாக ஓடும் எஞ்சினைக் கண்டு நிறைவடையாமல், பாரத்தோடு சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, திணறல் எப்போது எழுகிறதென்று கேட்ட பின்னரே திருப்புளியைக் கையிலெடுக்க வேண்டும். டெல்லியிலோ மும்பையிலோ பட்டறை வைத்துப் பிழைக்கும் நம்மவர், முந்திய தலைமுறை மெக்கானிக்குகளிடம் இம்முறையைக் கேட்டறிந்து எழுதி வைத்தால், பெட்ரோல் லாரிகளின் சரித்திரம் தமிழில் அழியாது நிற்கும்.