வெள்ளிக் காசு சொல்லும் வரலாறு

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலே பல வீடுகளில் மூத்தோரின் பெட்டியடியில் பழைய வெள்ளிக் காசு ஒன்றிரண்டு இன்றும் கிடப்பதுண்டு. அவற்றின் அருமையை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

1872ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையின் நாணயம் ரூபாவும் சதமும் ஆயிற்று. அந்த ரூபா, இந்தியாவின் வெள்ளி ரூபாவேயாகும். நிறை 11.66 கிராம், அதில் 100க்கு 91.7 பங்கு தூய வெள்ளி. கோப்பித் தோட்டத்திலும் பின்னர் தேயிலைத் தோட்டத்திலும் நம் முன்னோரின் கூலி அந்த ரூபாவிலேயே எண்ணப்பட்டது. வங்கி வாசலை மிதியாத அவர்களுக்கு வெள்ளியே சேமிப்பு. காசில் வளையம் பற்றவைத்துப் பெண்கள் கழுத்தில் அணிந்தனர். கஷ்டம் வந்தபோது அதுவே அடகுக் கடைக்கும் போயிற்று.

நாடு சுதந்திரம் பெற்றபின் வந்த ஞாபகார்த்தக் காசுகளில் சேகரிப்போர் பெரிதும் விரும்புவது 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபா வெள்ளி நாணயம். பௌத்தத்தின் 2500ஆம் ஆண்டு நினைவாக அது வெளிவந்தது. நிறை 28.28 கிராம், வெள்ளி 100க்கு 92.5 பங்கு. அச்சிடப்பட்டவை 500,000. அவற்றுள் 258,000 உருக்குவதற்கெனத் திருப்பி அனுப்பப்பட்டன. எஞ்சியவை இரண்டரை இலட்சத்திலும் குறைவு.

அந்நாளில் நம்மவரின் நிலை யாது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமை இழந்திருந்தனர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தவரிடம் இந்நாட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்கப்பட்டது. லயத்தில் வாழ்ந்த எளியோர் பலரிடம் காகிதம் ஏது? எஞ்சியோர்க்கு வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது.

நாணயம் சேர்ப்போர் கீறலற்ற காசையே நாடுவர். வளையம் பற்றவைத்த ரூபாவுக்குச் சந்தையில் விலை குறைவு. ஆயினும் நமக்கு அதுவே மேலானது. ஐந்து ரூபாக் காசு அரசு அச்சிட்ட நினைவு. வளையமிட்ட ரூபா ஒரு குடும்பம் உழைத்துக் காத்த நினைவு. காகிதத்தில் எழுதப்படாத நம் வரலாற்றுக்கு அதுவும் ஒரு சாட்சியன்றோ?

ஆகவே, இளைஞர்களே, அக்காசைப் புளியிட்டுத் துலக்காதீர்; வளையத்தை அறுக்காதீர்; உருக்கக் கொடாதீர். எந்தத் தோட்டத்தில், எவர் அணிந்தது, எப்படி வந்தது என்று பெரியோரைக் கேட்டு எழுதிக் காசுடன் வையுங்கள். பெரியோர்களே, அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். சொல்ல ஆளிருக்கும்போதே எழுதிவைப்பது நம் கடமை.