மாஸ்டர் ஆஃப் ஓரியன்: 1993இல் பிறந்த ஒரு விண்வெளிப் பேரரசின் கதை



சுகர், பிரஷர், தடுப்பூசி என்று எழுதும் இந்தப் பக்கத்தில் இன்று ஒரு கம்ப்யூட்டர் கேமின் வரலாறு. பயப்பட வேண்டாம். கேம் ஆடியே பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியும்படிதான் எழுதுகிறேன். இழை கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேமின் பெயர் மாஸ்டர் ஆஃப் ஓரியன். 1993இல் வந்தது. 2016இல் புது கிராபிக்ஸ், புது குரல்கள் எல்லாம் போட்டு மறுபடி எடுத்தார்கள். ஹிட் படத்தை ரீமேக் பண்ணுவோமே, அது மாதிரி.

ரீமேக் வந்ததும் ஒரு கூட்டம் கொண்டாடியது. இன்னொரு கூட்டம் "என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராதுப்பா" என்றது.

இந்த "பழசு மாதிரி வராது" என்பது வெறும் வயசுக் கோளாறா, இல்லை அதில் நிஜமாகவே விசயம் இருக்கிறதா? விசயம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கதை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்ற நகரம். அங்கே ஸ்டீவ் பார்சியா என்பவர் சிம்டெக்ஸ் என்று ஒரு சின்ன கம்பெனி வைத்திருந்தார். ஸ்டார் லார்ட்ஸ் என்ற பெயரில் ஒரு மாதிரி கேம் செய்து, மைக்ரோப்ரோஸ் கம்பெனியிடம் காட்டினார்.

மைக்ரோப்ரோஸ் லேசுப்பட்ட கம்பெனி இல்லை. 1991இல் சிட் மெயரின் சிவிலைசேஷனை வெளியிட்டவர்கள் அவர்கள்தான்.

ஸ்டார் லார்ட்ஸை ஆலன் எம்ரிச் என்ற கேம் பத்திரிகையாளரும் பார்த்தார். அவரும் டாம் ஹியூஸ் என்பவரும் சேர்ந்து "இதை மாற்று, அதைச் சேர்" என்று பார்சியாவுக்கு உதவி செய்து மெருகேற்றியதுதான் மாஸ்டர் ஆஃப் ஓரியன்.

விண்வெளியில் பேரரசு கட்டுவது அன்றைக்கே புது யோசனை இல்லை. 1974இல் ஸ்டெல்லார் கான்க்வெஸ்ட் என்று அட்டைப் பலகையில் ஆடும் விளையாட்டு இருந்தது. 1983இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ் என்ற கம்ப்யூட்டர் கேம் வந்தது.

ஆனால் இந்த வகைக்குப் பெயர் கிடைத்தது ஓரியனால்தான். 1993 செப்டம்பர் மாத கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட் இதழில் இந்த கேமைப் பற்றி எழுதிய எம்ரிச், நாலு எக்ஸ் போட்டு மார்க் கொடுத்தார். எக்ஸ்ப்ளோர், எக்ஸ்பாண்ட், எக்ஸ்ப்ளாய்ட், எக்ஸ்டெர்மினேட். தேடு, பரவு, சுரண்டு, அழி.

அங்கே எக்ஸ் என்றால் நம்ம ஊர் 'ஏ' சர்டிபிகேட்டுக்கும் ஒரு படி மேலே. அந்தக் கிண்டலில் பிறந்த ஃபோர் எக்ஸ் என்ற பெயர்தான் இன்று வரை இந்த வகை கேம்கள் அத்தனைக்கும் நிலைத்துவிட்டது. (தான் கை வைத்து மெருகேற்றிய கேமுக்குத் தானே பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்காதீர்கள். அது வேற காலம்.)

சரி, இதில் அப்படி என்ன இருக்கிறது?

நீங்கள் ஒரு இனத்தின் சக்கரவர்த்தி. கையில் ஒரே ஒரு கிரகம். சுற்றிலும் இருட்டு. சின்ன வரைபடம் எடுத்தால் 24 நட்சத்திரங்கள், பெரியது எடுத்தால் 108. எந்த நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று கப்பல் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பத்து இனங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சைலான்கள் ஆராய்ச்சியில் புலி. சக்ராக்கள் வேகமாகப் பெருகும். டார்லாக்குகள் பிறவி ஒற்றர்கள். சிலிகாய்டுகள் கல்லால் ஆனவர்கள், எந்த நரகத்திலும் குடியேறுவார்கள், ஆனால் மெதுவாகத்தான் பெருகுவார்கள்.

வரைபடத்தின் நடுநாயகம் ஓரியன் என்ற நட்சத்திரம். பண்டைய இனம் ஒன்று விட்டுப்போன பொக்கிஷக் கிரகம் அங்கே இருக்கிறது. அதற்கு ஒரு காவல் கப்பலும் இருக்கிறது. ஆயத்தமில்லாமல் போனால் திரும்பி வரமாட்டீர்கள்.

(ஓரியன் நமக்குப் புதுசு இல்லை. திருவாதிரையும் மிருகசீரிடமும் இருக்கும் அதே விண்மீன் கூட்டம்தான்.)

ஒவ்வொரு கிரகத்துக்கும் ஐந்தே ஐந்து இழுகோடுகள். கப்பல், பாதுகாப்பு, தொழிற்சாலை, சுற்றுச்சூழல், ஆராய்ச்சி. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். அவ்வளவுதான் நிர்வாகம்.

அந்த சுற்றுச்சூழல் கோடு முக்கியம். தொழிற்சாலைக் கழிவை அள்ளுவதற்குப் பணம் ஒதுக்காவிட்டால் கிரகம் நாறிப்போய் மக்கள்தொகை இறங்கும். 1993இல் ஒரு பொழுதுபோக்கு கேமில் இதை வைத்திருக்கிறார்கள்!

இனி நான் இந்த கேமின் உயிர் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன்.

ஆராய்ச்சியில் ஆறு துறைகள். சிவிலைசேஷனில் கண்டுபிடிப்புகள் எல்லாம் எல்லாருக்கும் உண்டு, முந்துவது யார் என்பதுதான் போட்டி. ஓரியனில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் சில கண்டுபிடிப்புகளை உங்கள் இனத்தின் பட்டியலிலிருந்து கேம் சத்தமில்லாமல் உருவிவிடும். எவ்வளவு பணம் கொட்டினாலும் அவை உங்களுக்கு வராது.

ஒரு ஆட்டத்தில் நல்ல கவசம் இருக்கும், அதைச் சுமக்க வேகமான இன்ஜின் இருக்காது. இன்னொரு ஆட்டத்தில் வறண்ட கிரகத்தில் குடியேறும் வித்தையே இருக்காது.

அப்போது என்ன செய்வீர்கள்? வைத்திருக்கிற பக்கத்து நாட்டிடம் பண்டமாற்று பேசலாம். ஒற்றனை அனுப்பித் திருடலாம். அவன் கிரகத்தைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். இல்லை, இருப்பதை வைத்தே ஓட்டலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். புத்தகம் ஒரு மருந்தைச் சொல்லும், ஸ்டோரில் வேறொன்றுதான் இருக்கும். இருப்பதை வைத்து எதைச் சரியாகச் செய்யலாம் என்று யோசிக்கிற அந்த நிமிஷத்தில்தான் மூளை முழுசாக வேலை செய்கிறது. இந்த கேம் அந்த நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு ஓட்டை, வேறு ஒட்டு.

கப்பல் வடிவமைப்பிலும் இதே கதை. ஒரே நேரத்தில் ஆறு வடிவங்கள்தான் வைத்துக்கொள்ள முடியும். ஏழாவது வேண்டுமென்றால் பழையது ஒன்றை மொத்தமாக உடைக்க வேண்டும். உடைக்கப்படுவது ஓடிக்கொண்டிருக்கும் கப்பற்படை. கை நடுங்கும்.

அப்புறம் சபை. 25 ஆண்டுக்கு ஒருமுறை விண்மீன் மண்டல சபை கூடும். ஓட்டு மக்கள்தொகைக் கணக்கில். பெரிய இரண்டு பேர் வேட்பாளர்கள், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் அவர்தான் சக்கரவர்த்தி, ஆட்டம் முடிந்தது. இருபது வருசம் முன்னால் நீங்கள் சின்ன அற்பத்துக்காக முதுகில் குத்திய ஒரு குட்டி நாடு, சரியாக அன்றைக்குப் பார்த்து எதிரிக்குக் கை தூக்கும்.

இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் ஏன் மூன்று மணிக்கு எழுகிறார் என்பதற்கும் வருகிறேன். ரீல்ஸில் எல்லாவற்றுக்கும் "டோபமைன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கேமின் அமைப்பைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு கப்பல் போய்ச்சேர இன்னும் இரண்டு டர்ன். ஆராய்ச்சி முடிய மூன்று. குடியேற்றக் கப்பல் தயாராக நான்கு. இரண்டு டர்ன் கழித்து முதல் கப்பல் போய்ச்சேரும்போது ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு டர்ன்தான் பாக்கி. எல்லாம் முடிந்து கை சும்மா இருக்கிற டர்ன் என்று ஒன்று வரவே வராது. எழுந்து போக வசதியான இடம் இல்லாத பஸ் மாதிரி, ஸ்டாப்பிங்கே கிடையாது.

ஒரு டாக்டராக எனக்கு இதில் உறுத்துகிற விசயமும் உண்டு. அந்த நாலாவது எக்ஸ்.

இந்த கேமில் உயிரியல் ஆயுதங்கள் உண்டு. டெத் ஸ்போர்ஸ், டூம் வைரஸ் என்று பெயரே பயங்கரம். கிரகத்தின் மீது கொட்டினால் மக்கள்தொகை எண் குறையும். அந்த எண் மில்லியன் கணக்கில். திரையில் நான்கு புள்ளி மறைகிறது, நீங்கள் அடுத்த டர்ன் பொத்தானை அழுத்துகிறீர்கள். அரியணையில் உட்கார்ந்து பார்த்தால் மனிதர்கள் இப்படித்தான் தெரிவார்கள் போல.

அதற்கு மாற்று மருந்து கண்டுபிடிக்கும் வழியும் கேமில் இருக்கிறது. நான் முதலில் போவது அந்தப் பக்கம்தான், தொழில் புத்தி.

1996இல் இரண்டாம் பாகம் வந்தது. பேட்டில் அட் ஆன்டாரெஸ். (ஆன்டாரெஸ் என்பது நம் கேட்டை நட்சத்திரம். வானத்தில் ஓரியனுக்கு எதிர்ப்பக்கம்.) 13 இனங்கள், வேண்டுமானால் சொந்தமாக ஒரு இனத்தையே வடிவமைக்கலாம், நண்பர்களோடு சேர்ந்தும் ஆடலாம். ஐந்து கோடுகள் போய், விவசாயி, தொழிலாளி, விஞ்ஞானி என்று ஆட்களைப் பிரித்து, ஒவ்வொரு கிரகத்திலும் கட்டடம் கட்டும் முறை வந்தது. வேலை கூடியது, ஆனாலும் பற்றாக்குறை போகவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று கண்டுபிடிப்புகளைக் காட்டி, பெரும்பாலான இனங்களிடம் "ஒன்றை மட்டும் எடு" என்று சொன்னார்கள்.

பலருக்கு இந்த இரண்டாம் பாகம்தான் தெய்வம். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. சிம்டெக்ஸ் 1997இல் மூடப்பட்டது.

2003இல் மூன்றாம் பாகம். செய்தது குவிக்சில்வர் என்ற வேறு கம்பெனி. வடிவமைப்புப் பொறுப்பில் முதலில் இருந்தவர் யார் தெரியுமா? அதே ஆலன் எம்ரிச். வெளியீட்டுக்கு முன்பே விலகிவிட்டார்.

பேரரசு பெரிதானால் எல்லாவற்றையும் சக்கரவர்த்தியே பார்க்க முடியாது, அதனால் கிரகத்துக்கு ஒரு ஆளுநரை வைப்போம் என்றார்கள். கேட்பதற்கு நியாயம்தான். நடந்தது என்னவென்றால், ஆளுநர் நீங்கள் போட்ட உத்தரவை மாற்றி எழுதுவார். கப்பல் கட்டுவது அவர், செலவு செய்வது அவர், நீங்கள் கணக்குப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு டர்ன் பொத்தானை அழுத்தும் குமாஸ்தா. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். தொடர் அத்தோடு 13 ஆண்டு படுத்துவிட்டது.

2013இல் அட்டாரியின் அமெரிக்கக் கிளை திவாலாகி சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, ஓரியன் பெயரை வாங்கியது வார்கேமிங். வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் செய்த அதே கம்பெனி. கேமைச் செய்தது அர்ஜென்டினாவின் என்.ஜி.டி ஸ்டுடியோஸ். 2016 ஆகஸ்ட் 25 அன்று வெளியீடு.

காசைக் கொட்டியிருந்தார்கள். லூக் ஸ்கைவாக்கராக நடித்த மார்க் ஹாமில், ஸ்டார் ட்ரெக்கின் மைக்கேல் டார்ன் என்று குரல் கொடுத்தவர்கள் பட்டியலே ஒரு திருவிழா. பழைய இனங்கள் அத்தனையும் பளபளவென்று எழுந்து வந்து பேசின. பார்த்த பழைய ரசிகர்களுக்குப் புல்லரித்தது உண்மை.

ஆனால் ஆடி முப்பது டர்ன் தாண்டினால் ஒன்று தெரியும். கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் எல்லாருக்கும் உண்டு, அங்கங்கேதான் "ஒன்றை மட்டும் எடு". நட்சத்திரங்களுக்கு இடையே போட்ட பாதையில்தான் போக முடியும், முச்சந்தியில் படையை நிறுத்தினால் நிம்மதி. கட்டடம் கட்டி முடித்தால் அடுத்த கட்டடம். வேலை நிறைய, முடிவுகள் குறைவு. எதை விட்டுக்கொடுப்பது என்று தவிக்க வேண்டிய இடம் அபூர்வமாகத்தான் வருகிறது.

முகத்தை அச்சாகக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டார்கள்.

இது நான் மட்டும் சொல்வது இல்லை என்பதற்கு ஒரு சாட்சி. ரெம்னன்ட்ஸ் ஆஃப் தி ப்ரிகர்சர்ஸ் என்று ஒரு இலவச கேம் இருக்கிறது. ரசிகர்கள் செய்தது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. படங்கள் எல்லாம் புதுசு. விதிகள் 1993இல் பார்சியா எழுதிய அதே விதிகளை ஒட்டியவை. இழுகோடுகள், காணாமல் போகும் கண்டுபிடிப்புகள், ஆறு கப்பல் வடிவம் எல்லாம் அப்படியே. பெயரை வாங்கக் காசு இல்லாதவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பாருங்கள்.

ஆட ஆசை வந்தவர்களுக்கு: முதல் இரண்டு பாகங்களும் சேர்த்தே இணையத்தில் விற்பனையில் இருக்கின்றன, எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். சின்ன வரைபடம் எடுங்கள், இனம் சைலான். கழிவை அள்ளப் பணம் ஒதுக்க மறக்காதீர்கள். பக்கத்து நாட்டுக்காரனை முதல் ஐம்பது டர்னுக்குப் பகைத்துக்கொள்ளாதீர்கள். உட்காரும் முன்பு பதினொன்றரை மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள், போனை எட்டாத அறையில் வையுங்கள்.

எனக்கு நாளை காலை ஓ.பி. இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கமெண்டில் போடுங்கள், சாயங்காலம் பதில் சொல்கிறேன்.