டிரைவர் காலுக்குக் கீழே...

மதுரை ரிங் ரோட்டில் பழைய லாரி ஒன்று நின்றால், எல்லோரும் சரக்கைத்தான் பார்ப்போம். நீங்கள் கேபின் தரையைப் பாருங்கள். மேலே ரப்பர் மேட். அதைத் தூக்கினால் சாக்கு. சாக்கைத் தூக்கினால் தகரம். தகரத்துக்குக் கீழே பலகை. பலகைக்கும் கீழே? ரோடுதான்! சில வண்டிகளில் பெடல் ஓட்டை வழியாக ரோடு ஓடுவதே தெரியும்.

இந்த நாலு அடுக்குக்குள் ஒரு சரித்திரம் படுத்திருக்கிறது.

மதுரையை மோட்டார் ஊராக்கியவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1911-ல் அவர் போட்ட விதைதான் டி.வி.எஸ். இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். மனிதர் அசரவில்லை. பெட்ரோல் இல்லாமல் வாயுவில் வண்டியை ஓட்ட 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' தயாரித்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலிலும் இறங்கினார். இருப்பதை வைத்து வண்டியை ஓட்டிவிடும் சாமர்த்தியம் நம்மூருக்கு அப்போதே வந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு லாரிகளின் காலம். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் பிறந்து, பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாடா, ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் கைகோத்தது. ஆனால், ஷோரூமிலிருந்து பெரும்பாலும் முழு லாரி வராது. எஞ்சின், சக்கரம், சேஸிஸ்... அவ்வளவுதான். கேபினும் பாடியும் கட்டுவது நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளின் வேலை.

அங்கே மரத்துக்குத்தான் முதல் மரியாதை. எந்த ஊரில் உடைந்தாலும் ஒரு ஆசாரி கிடைப்பார். தவிர, இரும்பு அளவுக்கு மரம் சூட்டைக் கடத்தாது. அந்தக் கால லாரிகள் பலவற்றில் எஞ்சின் பானட் கேபினுக்குள்ளேயே, டிரைவரின் இடுப்புக்குப் பக்கத்தில். ரேடியேட்டர் தண்ணீரே சாதாரணமாக எண்பது, தொண்ணூறு டிகிரியில் கொதிக்கத் தயாராக இருக்கும். காலுக்குக் கீழே கியர் பாக்ஸ். வெளியே நாற்பதைத் தொடும் கத்திரி வெயில். செருப்பைத் தாண்டிச் சுடாதா என்ன?

அதற்கு நம்ம டிரைவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் சாக்கு. சிரிக்காதீர்கள், அதில் விஞ்ஞானம் இருக்கிறது. சணல் இழைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று, சூட்டை மேலே வர விடாது. 1833-ல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஐஸ் அனுப்பியது இதே தத்துவத்தில்தான். நாலு மாசக் கப்பல் பயணம். ஏற்றியதில் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது! சென்னையில் அந்த ஐஸை வைக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

துரைமார்கள் குடிக்கும் கிளாஸுக்காக அவ்வளவு ஏற்பாடு. நாமெல்லாம் சாப்பிடும் அரிசியைக் கொண்டுவரும் டிரைவர் காலுக்கு? அவரே தேடிய கோணிச் சாக்கு!

சாக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. மழையில் நனைந்தால் காயாது. ரப்பர் மேட் மூடிக்கொள்ள, உள்ளே பலகை உளுக்கும், தகரம் துருப்பிடிக்கும். ஓட்டை விழுந்தால் சூடு மட்டுமா வரும்? சைலன்ஸர் குழாய் ஒழுகினால் புகையும் வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் என்று நினைத்துக்கொள்வார் டிரைவர்.

சரியான வழி கஷ்டமானதில்லை. பழசை மொத்தமாக எடுத்து, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, ஓட்டைகளை அடைக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் குடிக்காத ஃபோம் ஷீட், அதன்மேல் கனமான மேட். வெள்ளித்தாள் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்... அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் சூட்டைத் திருப்பி அனுப்பும். இரண்டு தகட்டுக்கு நடுவே நசுக்கிவிட்டால் அதுவும் வெறும் உலோகம்தான். எஞ்சின் பக்கம் உதிரும் பழைய அட்டை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் தூசி பறக்கப் பிய்ப்பது, நுரையீரலுக்குப் புற்றுநோயை அழைப்பது மாதிரி.

2023-ல் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன்படி, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புது லாரிகளின் கேபினுக்கு 2025 முதல் ஏ.சி. கட்டாயமானது. நல்ல காரியம். ஆனால், அது புது வண்டிகளுக்கு. அதற்கு முன் தயாராகி, இன்னும் திருமங்கலத்திலும் மேலூரிலும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளுக்குச் சட்டம் எதுவும் தரவில்லை. அங்கே முதலாளியின் மனசுதான் சட்டம்.

அடுத்த முறை வீடு மாற்ற லாரி பிடிக்கிறீர்களா? வாடகை பேசி முடித்ததும், டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

''அண்ணே, கால் சுடுதா?''