கின்சி என்றால் எந்தக் கின்சி?

படம் ஒன்று, எடுத்தவர் பெயர் இரண்டு. வெட்டிய காட்டுக்குள் போட்ட தண்டவாளத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. அதைச் சுற்றிலும் தொழிலாளிகள். பின்னால் ஆளுயரத்தை மிஞ்சும் கட்டைகள். ஒரு நூலில் இதை எடுத்தவர் டேரியஸ் கின்சி என்று போட்டிருந்தது. இன்னொரு நூல் கிளார்க் கின்சி என்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மரத்தொழில் பற்றிய கட்டுரைக்கு இந்தப் படம் எனக்குத் தேவைப்பட்டது. யார் பெயரைப் போடுவது?

இருவரும் அண்ணன் தம்பி. டேரியஸ் 1869-ல் மிசூரியில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டி மேற்குக் கரைக்கு வந்து கேமராவைக் கையில் எடுத்தார். கிளார்க் எட்டு வயது இளையவர். இன்னொரு சகோதரர் கிளாரென்ஸோடு குளோண்டைக் தங்க வேட்டைப் பிரதேசத்துக்குப் போய், அங்கே ஸ்டுடியோ நடத்திவிட்டுப் பிறகு சியாட்டிலுக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே காடுகளில், ஒரே காலத்தில், ஒரே குடும்பப் பெயரில் படம் எடுத்தார்கள். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

ஆட்களின் முகத்தை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்த்தேன். அது ஷே வகை. செங்குத்தான ஏற்றத்திலும், அவசரத்தில் போட்டு அவசரத்தில் பெயர்க்கும் கோணல் தண்டவாளத்திலும் ஓடுவதற்கென்றே எஃப்ரைம் ஷே என்ற மரத்தொழில்காரர் வகுத்த வடிவம். 1881-ல் காப்புரிமை வாங்கினார். பெரும்பாலும் ஒஹையோவின் லைமா தொழிற்சாலையில், 2,700-க்கும் மேற்பட்ட எஞ்சின்கள் இந்த வகையில் செய்யப்பட்டன. இதன் உடம்பு ஒருபக்கச் சாய்வானது. சிலிண்டர்கள் நிமிர்ந்தவாக்கில் ஓட்டுநரின் வலப்பக்கம் இருக்கும். எடையைச் சமன்செய்யக் கொதிகலனை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். அச்சுத்தண்டும் பற்சக்கரங்களும் வலப்பக்கச் சக்கரங்களை ஒட்டியே ஓடும்.

டேரியஸ் பெயரில் வந்த படத்தில் சிலிண்டர்கள் இடப்பக்கம் இருந்தன! இந்தக் காடுகளில் அப்படி ஒரு ஷே ஓடியிருக்க வாய்ப்பில்லை. நெகட்டிவை மறுபக்கம் திருப்பிப் போட்டோ, அச்சுக்குப் போன வழியில் எங்கோ புரட்டியோ, படத்தை இடவலமாக மாற்றியிருக்கிறார்கள். எஞ்சினின் நெற்றியில் இருந்த எண் 8. எப்படிப் புரட்டினாலும் எட்டு எட்டுதானே, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

புரட்டியவர் ஓரத்தையும் வெட்டியிருந்தார். இன்னொரு நூலில் இருந்த பிரதியில் எஞ்சின் சரியாக நின்றது. கீழ் விளிம்பில் வெள்ளை எழுத்து வரி ஒன்று பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. 'கம்பெனி' என்ற வாலும் ஒரு வரிசை எண்ணும் மட்டும் தப்பியிருந்தன. அது போதுமானதாக இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் கிளார்க்கின் தொகுப்பைப் புரட்டினால் அவர் வழக்கம் தெரிந்துவிடும். நிறுவனத்தின் பெயர், 'சி. கின்சி, சியாட்டில்', ஒரு எண். இவை படத்துக்குப் படம் நெகட்டிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. படம் தம்பியுடையது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் ஏன் இப்படி எழுதவில்லை என்ற கேள்வி விடவில்லை. டேரியஸின் படங்களில் நான் பார்த்தவை பலவற்றில் நிறுவனத்தின் பெயரைக் காணோம். விடை வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிளார்க்குக்குப் பணம் கொடுத்தவை பெரும்பாலும் நிறுவனங்கள். எனவே அவர் தொகுப்பில் மர ஆலையின் உட்புறம், கட்டைகள் மிதக்கும் குளம், தொழிலாளர் குடியிருப்பு வரிசை, தட்டுகள் அடுக்கிய நீண்ட சாப்பாட்டு மேசைகள், வெள்ளை ஏப்ரனோடு நிற்கும் சமையல்காரர்கள் என்று ஒரு ஆலை ஊரே வரிசையாகக் கிடைக்கிறது. உடைமையாளர் தன் உடைமையைக் கணக்கெடுத்த மாதிரி. டேரியஸ் முகாம் முகாமாகப் போய், படத்தில் நின்றவர்களிடமே பிரதிகளை விற்றார். ராட்சத டக்ளஸ் ஃபர் மரத்தின் வெட்டுவாய்க்குள் படுத்திருக்கும் மனிதனுக்குத் தன் முதலாளியின் பெயர் படத்தில் எதற்கு? தன் பெயரும் அவனுக்குத் தெரிந்ததுதான். இன்று ஆவணக் காப்பகத்தில் அந்த முகங்கள் பெயரில்லாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, அந்த வியாபாரத்தின் இயல்பு.

டேரியஸின் படங்களில் நுணுக்கம் அதிகம் என்பது என் கட்சி. அடிமரம் பருத்துப் பிசின் நிறைந்திருக்கும் என்பதால் அந்தக் கால மரவெட்டிகள் தரையில் நின்று வெட்ட மாட்டார்கள். தண்டில் பள்ளம் கொத்தி, இரும்பு முனை வைத்த பலகையைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று ரம்பம் இழுப்பார்கள். பிசின் பிடித்த ரம்பத்தில் தெளிக்கும் எண்ணெய்ப் புட்டி, கொக்கி மாட்டிப் பட்டையில் தொங்கும். அந்தப் புட்டிகூடத் தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலும் 11க்கு 14 அங்குல நெகட்டிவ்; பெரிதாக்காமல் அதே அளவில் தாளில் ஒற்றி எடுத்த பிரதி. காட்டின் இருட்டில் கேமராவைச் சில நொடிகளாவது திறந்துவைக்க வேண்டும், எனவே ஆட்கள் சிலையாக நிற்க, நீராவி மட்டும் கலங்கித் தெரியும்.

ஒற்றி எடுத்தது யார் என்று தேடியபோதுதான் மூன்றாவது கின்சி வந்தார். டபிதா மே பிரிட்ஸ், வாஷிங்டன் மாநிலத்தின் நூக்சாக் பகுதிப் பெண். 1896-ல் டேரியஸை மணந்தார். செட்ரோ வூலியில் ஸ்டுடியோ. 1906-ல் குடும்பம் சியாட்டிலுக்குப் பெயர்ந்தது. டேரியஸ் காட்டில் இருப்பார்; எடுத்த நெகட்டிவ்கள் வீட்டுக்கு வரும். கழுவுவது, பிரதி எடுப்பது, முகாமுக்குத் திருப்பி அனுப்புவது எல்லாம் டபிதா. பிள்ளைகளை வளர்த்ததும் அவர்தான். கேமராவைத் திறப்பது சில நொடி வேலை. அதற்குப் பின் நடந்த அத்தனையும் இருட்டறைக்குள். படத்தில் அவருடைய கையெழுத்து இல்லை.

1940-ல் டேரியஸ் ஒரு அடிமரத்தின் மேலிருந்து விழுந்தார். அதோடு தொழில் நின்றது. 1945-ல் இறந்தார். நெகட்டிவ்களை டபிதா சியாட்டில் புகைப்படக்காரர் ஜெஸ்ஸி ஈபர்ட்டிடம் விற்றார். அவரிடமிருந்து டேவ் போன், ரொடோல்ஃபோ பெட்ஷெக் என்ற இருவருக்கு வந்து, கடைசியில் பெல்லிங்ஹாமின் வாட்கம் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. போனும் பெட்ஷெக்கும் 1975-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூலின் துணைத் தலைப்பில் நெகட்டிவ்களுக்கு உரியவர்களாக டேரியஸும் டபிதா மேயும் சேர்ந்தே குறிப்பிடப்படுகிறார்கள். டபிதா அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1963-ல், காலமாகியிருந்தார்.

எஞ்சின் படத்துக்குக் கீழே கிளார்க் என்று எழுதினேன். கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட இன்னொரு படமான மரவெட்டிகள் படத்துக்குக் கீழே, மரத்தின் குறுக்களவோடு, டேரியஸ் கின்சி, டபிதா மே கின்சி என்று எழுதி அனுப்பினேன். வரி நீளமாக இருக்கிறது, ஒரு பெயரை எடுத்துவிடலாமா என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். மரத்தின் குறுக்களவை எடுத்துவிடச் சொன்னேன்.